மனம் எங்கே போனது என்று கேட்டவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே! மேடையில் உள்ள பெரியோர்களே! அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் சுக்குக் கிடங்குத் தாய்மார்களே! எர்ணாகுளம் கல்லூரியில் மறைந்த முனைவர் ஸ்வர்ணலதா அம்மையாரோடு உளவியல் கற்பித்த ராமபத்ரன் நான். இன்று அவருக்காகப் பேசியே ஆக வேண்டும்!

அம்மையார் ஆராய்ந்தது என்ன? கை ஒரு வேலையில் இருக்க, அதோடு தொடர்பில்லாத நினைவுக்கு மனம் தானாக நழுவிவிடுகிறதே, அதை. சத்தம் கேட்டுத் திரும்புவது அதில் சேராது. யாரும் கூப்பிடாமலே மனம் கிளம்பிப் போவதுதான் மனம் அலைதல். அதை எப்படி அளப்பது? மண்டைக்குள் எட்டிப் பார்க்க முடியுமா? எதிர்பாராத நேரத்தில் நிறுத்தி, "இப்போது என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்பதே வழி.

1998இல் மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கு ஒன்றுக்குக் கைமணியோடு வந்தார். முதலில் ஒரே இடைவெளியில் அடித்தார். என்ன பதில் வந்தது? "டீச்சரே, அடுத்த மணி எப்ப அடிக்கும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார் சுக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த மாயம்மாள் அக்கா. அம்மையாரே விழுந்து விழுந்து சிரித்தார். நேரத்தை மாற்றி மாற்றி அடித்தார். இப்போது எல்லோரும் ஒரே குரலில், "வேலையைத்தான் நெனச்சேன்!" நினைக்காமல் என்ன செய்வார்கள்? மேஸ்திரி பின்னால் நிற்கிறாரே! அவரைச் சாயா குடிக்க அனுப்பிய பிறகுதான் உண்மை வந்தது. "பைப்புல தண்ணி வந்திருக்குமோ, மக கொடத்த வெச்சிருப்பாளோன்னு இருந்தேன் டீச்சரே."

மனம் அலைந்தபோது தரம் பிரிப்பதில் பிழைகள் கூடின. அதை அம்மையார் மறைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வேண்டிய யோசனைகளும் அந்த நேரத்தில்தான் பிறந்தன. அதையும் சேர்த்தே சொன்னார். முதலாளி முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். "யாருக்கெல்லாம் மனசு வேலையில இல்ல? பேரு தரணும்."

"பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துத்தான் கேட்டேன்" என்றார் அம்மையார். மறுநாளே கிடங்கின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது! சோர்ந்தாரா? இதே சங்க மண்டபத்துக்குச் சுக்கு மூட்டையை இறக்கி, ஞாயிறுதோறும் ஆய்வைத் தொடர்ந்தார். இதயம் நிற்கும்வரை தொடர்ந்தார்.

அவரை எரித்த சாம்பல் ஆறுவதற்குள் முதலாளியின் ஆள் என் வீட்டுக்கு வந்துவிட்டார். பெயர்களைக் கொடுத்தால் ஆய்வுக்குக் கிடங்கைத் திறந்துவிடுகிறார்களாம்! இன்று காலை மாயம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரே, டீச்சர் போயாச்சு. இனி எங்க பேரு என்னாகும்?"

அக்கா, தனியாகச் சொல்ல வேண்டிய பதிலை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். பெயர்கள் எழுதிய அம்மையாரின் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன்! என் வேலையே போனாலும் தர மாட்டேன்! அவர் கொடுத்த வாக்கு அவரோடு எரியவில்லை. வரும் ஞாயிறு இங்கே ஆய்வு தொடரும், கேட்பவன் நான். உங்கள் மனம் எங்கே போனாலும் சரி, அக்கா, என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள். அதற்காக உங்களில் ஒருவர் கூலியும் போக விடமாட்டேன்!