ஒரு முகம், ஒரு தட்டு

எனக்கு ஒரு பக்கம் எழுத எட்டு நிமிடம் ஆகும். ஒரு தாள் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள், ஐயா. எனக்கு ஆறு பக்கமாவது வேண்டும். மேசைமேல் அக்காவின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் தாழிட்டிருக்கிறேன். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி இன்னும் மேசைக்கு வரவில்லை. பக்கத்து அறையில் அக்கா பெட்டி அடுக்குகிறாள்.

நாளை உங்கள் மேக்கப் கலைஞர் சங்க அலுவலகத்தில் விசாரணை நடக்கும்போது என்னை எழுந்து நின்று பேசச் சொல்லாதீர்கள். எனக்குப் பேச வராது. பத்தாம் வகுப்பில் பாடத்தை நின்று வாசிக்கச் சொன்னார்கள். நின்றேன். வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை, அவ்வளவுதான் என் படிப்பு. அதன் பிறகு நான் பேசியதெல்லாம் நோட்டில்தான். மெத்தைக்கு அடியில் பதினாறு நோட்டுகள் இருக்கின்றன.

அக்கா என்னைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவள். முகம், உயரம், காது மடல், இடது புருவத்தில் ஒரு சுழி, எல்லாம் ஒன்று. அம்மாவே எங்களைப் பேச்சை வைத்துத்தான் பிரிப்பாள். பேசுகிறவள் பெரியவள், பேசாதவள் சின்னவள். அக்காவுக்குத் தொண்டை கட்டிய நாட்களில் வீட்டில் இரண்டு சின்னவள்கள் இருந்தோம். அந்த நாட்கள் எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் இருவரும் நடித்த படத்தின் கதை என் ஒன்பதாவது நோட்டில் இருந்தது. ஒரு நகரம். அங்கே ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு கண். அது முகங்களை எண்ணும். ஒரு முகத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு தட்டு, ஒரு கட்டில். ஒரே முகத்தோடு இரண்டு பேர் பிறந்தால் அவர்களுக்கும் ஒரு தட்டுதான். பத்தொன்பது வயதானதும் எண்ணும் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒருத்தியின் கன்னத்தில் முத்திரை வைப்பார்கள். முத்திரை பட்டவள் கணக்கில் இல்லை. பிறகு மற்றவளிடம் கேட்பார்கள்: இவள் யார்? தெரியாது என்று சொன்னால் தட்டு அவளுக்கு. தெரியும் என்றால் இரண்டு பேருக்கும் இல்லை.

என் நோட்டில் முடிவு எழுதியிருக்கவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்தான் இயக்குநர். அக்கா என் மெத்தையைத் தூக்கி அந்த நோட்டை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் படித்துவிட்டுக் கீழே வந்து, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா, "நாங்க ரெண்டு பேரும்தான் சார்" என்றாள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் இல்லை என்று அன்றைய தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

"கிராபிக்ஸ் பண்ண நம்மகிட்ட வசதி இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல, நீங்கதான் என் கிராபிக்ஸ்" என்றார் இயக்குநர்.

மூடிக் கிடந்த ஒரு நூற்பாலையில் படப்பிடிப்பு. சுவர்களுக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்குகளைக் கழற்றிக் கதவுகளுக்கு மேல் பதித்து, உள்ளே சிவப்பு பல்பு போட்டார்கள். படுக்கை விரிப்புத் துணியில் எங்கள் இருவருக்கும் ஒரே அளவில் சட்டை. நான் நோட்டில் எழுதியபோது இவ்வளவு நன்றாக இருக்கவில்லை. முதல் நாள் அந்தச் சிவப்புக் கண்ணுக்குக் கீழே நடந்தபோது எனக்கே பயமாக இருந்தது.

படத்தில் அக்காவுக்கு நிறைய வசனம். எனக்கு ஒரே ஒரு வரி. "இவளை எனக்குத் தெரியாது." அது போதும் என்று நான்தான் தலையாட்டினேன்.

லைட் போடும் அண்ணன் எனக்கு ஜெராக்ஸ் என்று பேர் வைத்தார்.

"ஒரிஜினல் வந்தாச்சு. ஜெராக்ஸ் எங்கப்பா?"

"மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சாம்ணே, வந்துட்டிருக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரித்துவிட்டு, "யாரு ஜெராக்ஸு? கதையே அவளோடதுதான், வாயைக் கழுவுங்க" என்று சண்டைக்குப் போவாள். எனக்காகத்தான். நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் எனக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

பத்து நாள் போனது. எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்த வேறொரு படக் கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. அடுத்த மாதம், வேறு ஊரில். அவள் என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்.

"தனியா ஒரு படம்டி. ரெட்டை வேஷம் அது இதுன்னு ஒண்ணும் இல்ல. நான் மட்டும்."

"ம்."

"என்னடி ம்? சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு."

"அடி அசமந்தம். அதைக் கொஞ்சம் மூஞ்சியில காட்டேன்."

எந்த மூஞ்சியில் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. அந்த முகத்தில் பாதி என்னுடையது. அதை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போக ஒருவர் முடிவு செய்கிறார், இன்னொருவர் சம்மதிக்கிறார், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளக்கூடும். நம்முடைய பொருளை நம் கண்ணெதிரே ஒருவர் தூக்கிக்கொண்டு போகும்போது வருவதற்கு வேறு ஏதாவது பேர் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சொற்களில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இனி மேக்கப் அம்மாவைப் பற்றி. விசாரணையே அவரைப் பற்றித்தானே.

முத்திரைத் தழும்புக்கு அவர் ஒரு திரவம் வாங்கி வந்திருந்தார். தண்ணீர் மாதிரி இருக்கும். காய்ந்தால் தோலை உள்ளே இழுத்துக்கொண்டு பழைய தழும்பு போலவே தெரியும். புது பாட்டில் என்பதால் முதலில் கையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதில் அவர் கண்டிப்பானவர். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தானாம்.

"உங்க அக்கா ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறா. நீ கையைக் காட்டும்மா. உனக்கு ஒத்துக்கிட்டா அவளுக்கும் ஒத்துக்கிட்ட மாதிரிதானே. ஒரே அச்சுல வார்த்ததுதானே ரெண்டும்?"

அவர் சொன்னது சரி. அன்று அங்கே இருந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். என் முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தடவினார்.

"அரிச்சா, எரிஞ்சா, சிவந்தா உடனே சொல்லிடணும். சொல்லுவியா? நீ வாயையே திறக்க மாட்டியே."

தலையாட்டினேன்.

பத்து நிமிடத்தில் எரிய ஆரம்பித்தது. துடைத்தேன். சாயங்காலம் தடித்திருந்தது. மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"ஒண்ணும் ஆகலை."

நான் வாய் திறந்து பேசியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "ஏய், ஜெராக்ஸ் பேசிடுச்சுப்பா" என்று எல்லோரிடமும் சொன்னார். தன் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, தோலுக்குப் பாதகமில்லை என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பைத்தான் நீங்கள் பொய் என்கிறீர்கள். அது பொய் இல்லை. அவரிடம் சொன்னதை அவர் எழுதினார்.

எட்டு நாள் கழித்து அந்தக் காட்சி. தகரக் கூரை, நடுப்பகல். அக்காவின் வலது கன்னத்தில் திரவத்தைப் போட்டுக் காய வைத்தார்கள். "ரெண்டே டேக், பத்து நிமிஷம், உடனே எடுத்துடலாம்" என்றார் இயக்குநர். அதிகாரியாக நடித்தவர் அக்காவைக் காட்டி என்னிடம் கேட்டார்: இவள் யார்?

என் வரியை நான் மறந்துவிட்டேன்.

இரண்டாவது முறை பாதி சொன்னேன். மூன்றாவது முறை "தெரியாது" என்பதற்குப் பதில் "தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்காவது முறை யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் பக்கத்தில் வந்து மெதுவாக, "அவசரமே இல்லம்மா, மூச்சு விட்டுட்டு சொல்லு" என்றார். நல்ல மனிதர். லைட் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று ஒருவர்கூட என்னை ஜெராக்ஸ் என்று கூப்பிடவில்லை.

ஆறாவது முறைக்குப் பிறகு மேக்கப் அம்மா வந்து, "எரியுதாம்மா? எடுத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். மறுபடி முதலிலிருந்து என்றால் என்னால் முடியாது என்றேன்.

"லேசாத்தான்மா எரியுது. எடுக்காதீங்க. நிறுத்தினா இவ இன்னும் பயந்துடுவா" என்றாள் அக்கா. உதடு அசையாமல் பேசினாள். பிறகு என் கையைப் பிடித்து, "ஒரு வரிதானேடி. என்னையே பாத்துச் சொல்லு. யாரும் இல்லைன்னு நெனச்சுக்கோ" என்றாள். வலி என்று சொன்னால் என் பேச்சு நின்றுவிடும் என்று பொறுத்துக்கொண்டிருந்தாள்.

பதினோராவது முறை சொன்னேன். "இவளை எனக்குத் தெரியாது." தடங்கலே இல்லை. அக்காவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இயக்குநர் கட் சொல்ல மறந்துவிட்டார். படத்திலேயே இதுதான் நல்ல காட்சி என்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

காய்ந்த திரவத்தை உரித்து எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

நாளை உங்களுக்கு உதவும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு நாட்களில் மேக்கப் பெட்டியிலிருந்து கொஞ்சம் திரவத்தைக் கண் மருந்து பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்திருந்தேன். என் தோள்பட்டைக்குக் கீழே மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது நோட்டில் இருக்கிறது. பத்து நிமிடம்: சிவப்பு, இரண்டு நாளில் போய்விடும். இருபத்தைந்து நிமிடம்: கொப்புளம், உரிந்து சரியாகிவிடும். ஐம்பது நிமிடம்: குழி விழுகிறது, போகாது. ஆலையில் எனக்கு எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. என் வரியை நான் ஒருபோதும் மறந்ததில்லை, ஐயா. அதை எழுதியவளே நான்தானே.

நான் அவளைத் தொடக்கூட இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்தது நான் நினைத்த மாதிரி இல்லை. மேக்கப் அம்மா பழம் வாங்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று அழுதார். அக்கா அவரை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து, "நீங்க டெஸ்ட் பண்ணித்தானே போட்டீங்க. என் தோல் அப்படி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். அவர் போன பிறகு கட்டோடு கண்ணாடி முன் நின்று என்னைப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலை. எனக்கு இப்படி ஆயிருக்கு. அப்ப நாம அவ்வளவு ஒண்ணு இல்ல போலடி."

அதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தம் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. ஒரு சுமையை இறக்கி வைத்தவர்கள் பேசுவதுபோல.

அந்தக் கம்பெனி அவளை வேண்டாம் என்று சொல்லிவிடும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர்கள் வந்து பார்த்தார்கள். முன்னே இருந்தது அழகான முகம், இப்போது இருப்பது வேறெங்கும் இல்லாத முகம் என்றார்கள். நாளை சாயங்காலம் அவளுக்கு ரயில். தெருமுனைக் கடைக்காரர் இத்தனை வருடமாக, "நீ பெரியவளா, சின்னவளா?" என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை. தழும்பைப் பார்த்தால் அக்காவிடம் நலம் விசாரிக்கிறார். என்னைப் பார்த்தால் சில்லறையைக் கொடுக்கிறார். வேறெங்கும் இல்லாத முகம் அவளுக்கு. எனக்கு, அவள் கழற்றிப் போட்ட பழைய முகம்.

அதனால் மேக்கப் அம்மாவிடமிருந்து வாங்கி வைத்திருக்கும் சங்க அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர்மேல் தவறில்லை. செய்தது நான். அந்தத் தழும்பு அவர் வேலை என்று ஊரெல்லாம் சொல்வது சரியில்லை.

ஆறாவது பக்கம் முடியப் போகிறது. வெயில் மேசைக்கு வந்துவிட்டது. எழுத உட்காருவதற்கு முன் கண் மருந்து பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கன்னத்தில் தடவி, விசிறிவிட்டுக் காய வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இப்போது நாற்பத்தொன்பது நிமிடம். எரிச்சல் நான் நினைத்த அளவுதான். அக்கா இதை எப்படி வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டாள் என்று தெரிகிறது. இந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்று இப்போது எனக்கும் தெரியும்.

கதவைத் தட்டுகிறாள். "என்னடி பண்றே உள்ள இவ்வளவு நேரமா? என் வாட்ச்சை எங்க வெச்சே?"

கண்ணாடியைப் பார்த்தேன். அளவு, இடம், எல்லாம் அவளைப் பார்ப்பது போலவே இருக்கிறது. கையை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் போட்டிருப்பது இடது கன்னத்தில், அவளுக்கு வலது. அவளை எப்போதும் எதிரே வைத்தே பார்த்துப் பழகியதால் வந்த பிழை.

பரவாயில்லை. எதிரெதிரே நின்றால் சரியாகத்தான் இருக்கும். அவள் எங்கும் போகாமல் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தால் போதும்.