ஆறாவது இடம்

— இன்னொரு முட்டை வைக்கவா?

— வேணாங்க்கா. போதும்.

— எது போதும்? எட்டு வருஷமா ரெண்டு முட்டை சாப்பிடுற ஆளு. வயித்துல ஏதாவது கோளாறா?

— வயிறு நல்லாத்தான் இருக்கு...

— அப்ப என் கைப்பக்குவத்துல கோளாறு.

— அய்யோ, உப்புகூட இன்னிக்குச் சரியா இருக்குக்கா.

— இன்னிக்கா! எட்டு வருஷமா மூடியிருந்த வாயைக் கடையைப் பிரிக்கிறதுக்கு முந்தின நாள் திறக்கறாரு, மனு எழுதற ஐயா.

— நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றாங்க?

— ஏழுக்கு. அடுப்பைப் பேர்த்துட்டு, கூரையை இறக்கிடுவாங்களாம்.

— கவுன்சிலரைப் பார்த்தீங்களா?

— பார்த்தேனே. தேர்தலப்ப நீ உட்கார்ந்திருக்கிற இதே பெஞ்சுல மூணு தட்டு காலி பண்ணினவரு. "நீங்க யாரும்மா?"ன்னு கேட்டாரு.

— அடப்பாவி...

— பசியில மூஞ்சியைப் பார்த்திருக்க மாட்டாரு, பாவம். அடுப்பை உள்ள தள்ளிக்கிறேன்னு சொல்லிப் பார்த்தேன். இடமே காலியாகணும்னுட்டாரு.

— தெருவுல நீட்டிக்கிட்டிருக்கே, அந்த நகைக்கடைப் படிக்கட்டு?

— அவரு மச்சான் கட்டடம், அசையுமா? கட்சி ஆபீஸ் கொட்டகை, ஓட்டல்காரன் ஜெனரேட்டர்... எல்லாம் வச்ச இடத்துலயே இருக்கு. தெருவை மறிக்குதுன்னு கொடுத்த மனுவுல ஆறு இடம். கேக்க ஆளில்லாதது என்னோடது ஒண்ணுதான்.

— அக்கா... அந்த மனு...

— சாப்பிட்டுட்டுப் பேசு. ஆறிடும்.

— அதை எழுதினது நான்தான்.

— தெரியும்.

— தெரியுமா?

— இந்தத் தெருவுல வேற யாரு மார்ஜின் விட்டு, நம்பர் போட்டு, நம்பருக்குக் கீழே கோடும் போடறா?

— எழுதச் சொன்ன தையல்காரர் அஞ்சு இடம்தான் சொன்னாருக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடக்க வழியில்லைன்னு. உங்க கடையை அவர் வாயே திறக்கலை. நான்தான்... பட்டியல் அரைகுறையா இருந்தா ஆபீஸ்ல திருப்பிடுவாங்களேன்னு, டேப்பை எடுத்துட்டுத் தெரு முழுக்க அளந்தேன். உங்க அடுப்பு ரெண்டடி வெளிய இருந்துச்சு...

— ரெண்டே கால்.

— என்னது?

— ரெண்டே கால் அடி. நீ குறைச்சுத்தான் எழுதியிருந்தே.

— திட்டுங்கக்கா. அந்தக் கரண்டியாலயே நாலு போடுங்க. இப்படிச் சிரிக்காதீங்க.

— கரண்டி வளைஞ்சிடும். முட்டையைத் தின்னு.

— எப்படி இறங்கும்? யாரும் கேக்காத ஒரு வரி... ஆமா, மனுவை நீங்க எப்பப் பார்த்தீங்க? நோட்டீஸோட சேர்ந்து வந்துச்சா?

— இல்ல. தையல்காரர் கடை கடையா எடுத்துட்டு வந்தாரே, அன்னிக்கே. எனக்குக் காட்டவே கூச்சப்பட்டாரு. நான்தான் பிடுங்கிப் படிச்சேன்.

— அன்னிக்கேவா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வரியை எடுத்திருப்பேனேக்கா...

— எடுத்திருப்பே. அதான் சொல்லலை.

— ஏன்?

— ஆறையும் எடுப்பாங்கன்னு நம்பிட்டேன் தம்பி. பிள்ளைங்க நடக்கட்டும், நாம ரெண்டே கால் அடி உள்ள போயிடலாம்னு... நீ எழுதிக் கொடுத்ததோட சரி, கடைசிப் பக்கத்தைப் பார்க்கலை. மூணாவது கையெழுத்து என்னோடது.