ஜோலீன் பார்ட்ரிஜ் சுடவில்லை

என் பெயர் ஆர்லன் விக்கர்ஸ். வயது 61. தகப்பனார் பெயர் லெஸ்டர் விக்கர்ஸ், காலமாகிவிட்டார். கான்சஸ் மாநிலம், ஹார்லோ பெண்ட் ஊரில், பழைய ரயில் சாலை 14ஆம் எண் வீட்டில் என் மகன் கோல்பியுடன் குடியிருந்து வருகிறேன். மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதே ஊர் ஸ்ட்ராட்மன் தீவனக் கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக அரவை இயந்திரம் ஓட்டி வருகிறேன். காவல் துறைத் துணை ஷெரீப் அவர்கள் விசாரிக்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர் விதைக் கடையில் பட்டப்பகலில் ஒருவன் புகுந்து, கவுண்டரில் இருந்த பெண்ணின் தாடையை உடைத்துவிட்டான். அதன் பிறகு எங்கள் முதலாளி அம்மாள் வெர்னா ஸ்ட்ராட்மன் வக்கீலைக் கலந்தாலோசித்து, வேலை செய்யும் எங்கள் ஐந்து பேரையும் கேட்டு, எடைக் கவுண்டருக்கு அடியில் எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்தார். அது அவர் பெயரில் முறைப்படி வாங்கப்பட்டது. பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும் எழுத்தில் அனுமதி கொடுத்து, பூட்டின் எண்ணைச் சொன்னார். வெர்னா அம்மாள், எடை பார்க்கும் ஜோலீன் பார்ட்ரிஜ், நான் ஆகிய மூவருக்கே அந்த எண் தெரியும். "உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் பெட்டியத் தொடுங்க. தீவனத்த எவனாவது தூக்கிட்டுப் போனா போவட்டும், மாடு நல்லாத் தின்னும்" என்று வெர்னா அம்மாள் சொன்னார். இரண்டு வருடங்களில் பயிற்சி நாட்களைத் தவிர யாரும் அதைத் திறக்கவில்லை.

என் மகன் கோல்பிக்கு வயது 27. கூரை வேலை செய்து வந்தான். சென்ற இலையுதிர் காலத்திலிருந்து காதில் குரல்கள் கேட்பதாகச் சொன்னான். மருத்துவரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டு நன்றாகவே இருந்தான். மார்ச் மாதத்தில் நாக்கு தடிக்கிறது என்று என்னிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிட்டான். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என் தவறு.

சம்பவம் நடந்தது ஏப்ரல் 9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை சுமார் பத்தேகால் மணிக்கு. முதல் பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை. கடைக் கேமராப் பதிவில் பார்த்தும், ஜோலீன் சொல்லக் கேட்டும் சொல்கிறேன். கோல்பி கையில் கடப்பாரையுடன் கடைக்குள் வந்து, "எங்கப்பா எங்க?" என்று கேட்டிருக்கிறான். ஜோலீன், "பின்னாடி அரைக்கிறாரு, கூப்பிடுறேன் இரு" என்று சொல்லி, இரைச்சலுக்காகக் காது மூடி போட்டிருக்கும் என்னைக் கூப்பிட, அரவைக் கொட்டகையில் சிவப்பு விளக்கை எரிய வைக்கும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கோல்பி, "பொய். அவர அரைச்சு மூட்டையில கட்டிட்டீங்க. அவரு சட்டையப் போட்டுக்கிட்டு வேற எவனோ வீட்டுக்கு வர்றான்" என்று சொல்லி, எடை காட்டும் கண்ணாடித் திரையைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கியிருக்கிறான். கண்ணாடி தெறித்து ஜோலீனின் நெற்றி கிழிந்தது. அதன் பிறகு அவன் கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்திருக்கிறான்.

ஜோலீன் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து, பின்பக்க அலமாரி முதுகில் இடிக்கும் வரை பின்வாங்கினார். அதற்கு மேல் பின்வாங்க இடமில்லை. "கோல்பி, நான் ஜோலீன். உன்னைச் சுட எனக்கு மனசில்ல. அங்கேயே நில்லு" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். நெற்றி ரத்தம் ஒரு கண்ணில் இறங்கியும் அவர் கையை எடுத்துத் துடைக்கவில்லை. கோல்பி ஆறடி தூரத்தில் கடப்பாரையை ஓங்கியபடி நின்றுவிட்டான்.

சிவப்பு விளக்கைப் பார்த்து நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காது மூடியைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். பார்த்ததும் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அந்தக் கணமே ஜோலீன் துப்பாக்கி முனையைத் தரைக்கு இறக்கினார். கோல்பி என் முகத்துக்கு நேரே, "கையக் காட்டு" என்று கத்தினான். கையுறையைக் கழற்றி இடது கையைக் காட்டினேன். அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தானிய இயந்திரத்தில் சிக்கி என் மோதிர விரல் பாதி போனது. அந்த விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இத்தன நாளா எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டான். "இங்கதான்டா இருந்தேன்" என்றேன். அதன் பிறகு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டான்.

ஜோலீன் தோட்டாக்களை இறக்கி, துப்பாக்கியைத் தோட்டா அறை திறந்த நிலையில் கவுண்டர் மேல் வைத்தார். தகவல் கேட்டு வந்த போலீஸ் அதிகாரிகள் என் மகனை அடிக்கவில்லை. காரில் ஏற்றும்போது அவன் தலை இடிக்காமல் ஒருவர் கை வைத்துப் பிடித்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கு என் நன்றியை இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜோலீனுக்கு ஏழு தையல் போட்டார்கள். ஆம்புலன்ஸ் பக்கத்தில் நான் அவரிடம் போய் நின்றேன். "ஆர்லன், மொதல்ல அந்தக் காது மூடியக் கழட்டுங்க, நான் கத்திக்கிட்டே இருக்கேன்" என்றார். கழற்றினேன். "இன்னும் ஒரு அடி வச்சிருந்தான்னா சுட்டிருப்பேன். அத நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றார். "தெரியும்மா" என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன்.

சிலர் காபிக் கடையில், "துப்பாக்கிய வச்சுக்கிட்டு சும்மா நின்னாளாமே" என்று ஜோலீனைக் கேலி பேசுவதாகவும், வேறு சிலர் பெட்டியை எடுக்கச் சொல்லி வெர்னா அம்மாளை நெருக்குவதாகவும் கேள்விப்பட்டேன். அந்தத் துப்பாக்கி இல்லாவிட்டால் என் மகன் ஆறடியில் நின்றிருக்க மாட்டான். ஜோலீன் இறந்திருப்பார், அவன் கொலைகாரன் ஆகியிருப்பான். அது வேறொருவர் கையில் இருந்திருந்தால் இன்று நான் அவனைப் புதைத்துவிட்டு வந்து உங்கள் முன் உட்கார்ந்திருப்பேன். அவன் இப்போது மருத்துவமனையில் இருக்கிறான், மாத்திரை சாப்பிடுகிறான், நேற்று என்னிடம் பீச் பழம் கேட்டான். ஜோலீன் மீதோ வெர்னா அம்மாள் மீதோ எனக்கு எந்தப் புகாரும் இல்லை. உயிருள்ளவரை நன்றி மட்டுமே உண்டு.

கடைசியாக ஒன்று. நேற்று வெர்னா அம்மாளிடம் என் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, பூட்டின் எண்ணை மாற்றச் சொன்னேன். "ஏன் ஆர்லன்? பயிற்சியில எல்லாரையும் விட வேகமாச் சுட்டது நீங்கதானே?" என்று கேட்டார். "அதனாலதாம்மா" என்றேன். அந்தக் காலையில் கவுண்டரில் நான் நின்றிருந்து, எதிரில் வேறு யாருடைய பிள்ளையோ வந்திருந்தால், திரை உடைந்த சத்தத்திலேயே சுட்டிருப்பேன். இது எழுதத் தேவையா என்று அதிகாரி கேட்டார். எழுதும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்) ஆர்லன் விக்கர்ஸ்
ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை