ஒழுகாத குழாய்

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் என்னிடம்தான் வரும். செருப்பு வார் அறுந்தாலும், குடைக்கம்பி வளைந்தாலும், "அப்பாகிட்ட குடு, ஒட்டித் தருவாரு" என்பான் மகன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வேலையில் இருந்த காலமெல்லாம் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கொடுத்தவன் நான். தைப்பதற்கு முன் வாசித்தும் விடுவேன். பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதாகப் பெயர்.

இதைச் சொல்வதற்குக் காரணம், நான் முரட்டு ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். என் மருமகளிடம் நான் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

மாடியில் நான் இருந்தேன். கீழே மகனும் மருமகளும். மனைவி போன பிறகு, மகன் வெளியூர் வேலையில் இருந்தவரை, இந்த வீட்டில் நான் மட்டும் கிடந்தேன். மாலையானால் கீழே இறங்கி எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டுவிட்டு மாடிக்கு வந்துவிடுவேன். தெருவில் போகிறவர்கள் அங்கே குடும்பம் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று. கொஞ்ச நாளில் நானும் அப்படி நினைக்க ஆரம்பித்தேன். ஒரு முறை விளக்கைப் பார்த்துவிட்டுப் படியிறங்கி, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போயிருக்கிறேன். அந்த நிலைமைக்குத் திரும்புவதைவிடச் செத்துப்போகலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. என் சாவைத்தான் நினைத்தேன். வேறு யாருடையதையும் இல்லை.

மருமகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். சோறு ஆனதும் கீழேயிருந்து குரல் வரும். "மாமா, அடுத்த பேஷன்ட் நீங்கதான், வாங்க." நான் போவதற்குத் தாமதமானால், "பேர் விட்டுப் போச்சுன்னா மறுபடி டோக்கன் வாங்கணும்" என்பாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்குவேன்.

என் கழிவறையிலிருந்து இறங்கும் கனமான இரும்புக் குழாய், அவர்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டித்தான் போகிறது. இரண்டு துண்டுக் குழாய்கள் சேருகிற இடத்தில் விரிசல் கண்டது. முதலில் ஒரு ஈரக்கறை. பிறகு சுவர் ஊறிப் பூச்சு உப்பிக்கொண்டது. பிறகு நாற்றம். அவளுக்கு அப்போது மாதம் ஏறிக்கொண்டிருந்தது. சாதாரணமாகவே மூக்கு கூர்மை, அந்தச் சமயத்தில் கேட்கவே வேண்டாம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் குமட்டல்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவளுடைய அம்மா வீட்டுத் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறதாம். பிரசவம் வரைக்கும் அங்கே இருக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். பிரசவம் வரைக்கும் என்பதை அவன் இரண்டு தடவை சொன்னான். பிள்ளை பிறந்த பிறகு அம்மா வீட்டுப் பக்கத்திலிருந்து எந்தப் பெண் திரும்பி வருவாள்?

மறுநாள் இருவரும் வேலைக்குப் போன பிறகு குழாய்க்காரரை வரவழைத்தேன். அவர் என்னை மாடிக்கு அனுப்பி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குழாயில் கை வைத்துப் பார்த்தார். கீழே மண்ணோடு சேரும் இடத்தில் காலால் அமுக்கிப் பார்த்தார். மண் சொதசொதவென்று உள்வாங்கியது.

"மேல தெரியுற ஒழுகல் பெருசில்ல சார். மண்ணுக்குள்ள குழாய் வளையுது பாருங்க, அந்த வளைவு போயிருக்கு. தோண்டி மாத்தணும்."

மேலே மட்டும் கட்டினால் போதாதா என்று கேட்டேன்.

"மேல கட்டினா மொத்தமும் கீழதான சார் போகும்? பக்கத்துலயே மண்ணுக்குள்ள குடிக்கிற தண்ணித் தொட்டி வேற. இந்த எடத்துல போய் யாரு தொட்டி கட்டினது?"

கட்டியவன் நான்தான். தோண்டினால் கீழே குடியிருக்க முடியுமா என்று கேட்டேன்.

"எங்க சார்? கக்கூஸையே பேத்தெடுக்கணும். கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது இருக்கச் சொல்லுங்க."

வேறு எங்கேயாவது. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் என் காதில் நின்றது. சொல்லி அனுப்புகிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். மகனிடம், இணைப்பில்தான் விரிசல், அதற்குப் போய் ஆள் எதற்கு, நானே கட்டிவிடுகிறேன் என்றேன். அவனுக்கு நிம்மதி. அவனுக்கும் வீடு மாற்றுவதில் ஆசை இல்லை.

அந்தக் கட்டு நான் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே சுத்தமானது. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினேன். துடைத்துக் காயவிட்டேன். பழைய வேட்டியை நாடாவாகக் கிழித்து, சிமெண்டுப் பாலில் நனைத்து, புத்தக முதுகுக்குத் துணி ஒட்டுவதுபோல் சுருக்கம் விழாமல் சுற்றினேன். அதன்மேல் சைக்கிள் டியூப். அதன்மேல் கம்பி முறுக்கு. புத்தகத்தில் கிழிசல் எங்கே தெரிகிறதோ அங்கேதான் இருக்கும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகாது.

சுவர் காய்ந்தது. நாற்றம் போனது. அவள் வந்து குழாயை நின்று பார்த்தாள்.

"மாமா, நீங்க எலும்பு டாக்டரா போயிருக்க வேண்டியவரு. இதுக்கு எப்ப கட்டுப் பிரிக்கணும்?"

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

குழாய்க்காரர் சொன்னது மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளியில் கரைத்து என் கழிவறையில் ஊற்றிப் பார்த்தேன். சில நாள் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில், தொட்டி மூடியைத் தள்ளினேன். தண்ணீரில் மெல்லிய நீலம் இருந்தது. திறந்த தண்ணீரில் வானம் தெரியத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டு மூடியைச் சாத்தினேன். அன்று முழுக்க மேகமூட்டம்.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டேன். அந்த வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் போடாதீர்கள் என்று கெஞ்சினான். அதன் பிறகு என் கழிவறையையே உபயோகிப்பதை விட்டுவிட்டேன். விடிந்ததும் பஸ் நிலையத்துக் கட்டணக் கழிவறைக்கு நடந்து போவேன். இந்த வயதில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கே வரிசையில் நிற்பது எவ்வளவு கேவலம் என்று யாருக்கும் தெரியாது. மாமா இந்த வயதிலும் வாக்கிங் போகிறார் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக் கழிவறையும் அதே வளைவில்தான் போய்ச் சேருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் பங்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை.

குடிக்கிற தண்ணீரை நான் கொதிக்கவைத்துக் குடித்தேன். தொண்டை சரியில்லை என்று காரணம் சொன்னேன். ஒரு நாள் அவள் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்து, வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, நானும் காய்ச்சிக் குடிக்கட்டுமா? இப்ப எனக்கு நல்லதுதான?"

அந்தக் கேள்வியை நான் பிறகு பலமுறை மனதுக்குள் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் மகனிடம் போய்ச் சொல்வாள். அவன் தண்ணீருக்கு என்ன என்று கேட்பான். மூடியைத் திறப்பான். குழாய்க்காரர் வருவார். பெட்டி கட்டுவார்கள்.

"உனக்கு எதுக்கும்மா? சின்ன வயசு. வெந்நீர் சூடு, குழந்தைக்கு ஆகாது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, என் எதிரிலேயே குடித்துவிட்டு இறங்கினாள்.

முதலில் மகனுக்கு லேசாகக் காய்ச்சல் வந்து போனது. பிறகு அவளுக்கு வந்தது. அவளுக்குப் போகவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காமாலை யாருக்கும் வரும், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வந்தால்தான் ஆபத்து என்றார் டாக்டர். பேச்சு குழற ஆரம்பித்த பிறகும் அவள் என்னைப் பார்த்து, "மாமா சாப்டீங்களா?" என்று கேட்டாள். அல்லது அப்படித்தான் எனக்குக் கேட்டது.

தண்ணீர் எங்கிருந்து குடிக்கிறீர்கள் என்று டாக்டர் விசாரித்தார். மகன், வீட்டுத் தண்ணிதான் என்று தொடங்கினான். அவன் பார்வை என் பக்கம் திரும்பியது.

"வெளியில வெட்டி வெச்ச பழம் நெறைய சாப்பிட்டா டாக்டர்" என்றேன். "இவன்தான் ஆசையா வாங்கிட்டு வருவான்."

அது பொய் இல்லை. வாங்கி வந்தான். அவள் சாப்பிட்டாள். டாக்டர் எழுதிக்கொண்டார். மகனின் முகத்தில் அப்போது ஏதோ ஒன்று அணைந்தது. பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான், மருந்து மாறியிருக்காது. இதைப் பிறகு டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அவள் அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை.

காரியங்கள் முடிந்ததும் மகன் கீழ்வீட்டைப் பூட்டிவிட்டு மாடிக்கு வந்துவிட்டான். அங்கே படுக்க முடியவில்லை என்றான். கீழே காலியாக இருந்ததால் தோண்டுவதற்கு இனித் தடை இல்லை. குழாய்க்காரரை மறுபடி கூப்பிட்டேன். அந்த வளைவு இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. மண் கருத்திருந்தது, தொட்டியின் சுவர்வரைக்கும் கருப்பு. அவர் குழியில் நின்றபடியே தொட்டியைப் பார்த்தார். பிறகு பூட்டிய கதவைப் பார்த்தார்.

"கீழ இருந்தவங்க?"

"போயிட்டாங்க."

"வேற வீட்டுக்கா சார்?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் புதுக் குழாயைப் பொருத்தி, மேலே நான் போட்டிருந்த கட்டையும் அறுத்து எடுத்தார். கட்டு கெட்டியாகவே இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

சில மாதம் கழித்து சம்பந்தியம்மா வந்தார். பெண்ணைப் பறிகொடுத்தவர், அவரே மகனிடம், சின்ன வயது, வேறு கல்யாணம் செய்துகொள் என்று சொன்னார். அவன் அவர் காலடியில் உட்கார்ந்து, "என் கையால வெஷத்தை வாங்கிக் குடுத்தேன் அத்தை. எனக்கு எதுக்குக் கல்யாணம்?" என்றான். அந்த அம்மா அவன் தலையைத் தடவி, நீ தெரிந்தா செய்தாய் என்று அழுதார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவளைக் கொன்றது பழம் இல்லை, தண்ணீர். அது கெட்டுப்போனது எனக்குத் தெரியும். தெரிந்தே குடிக்கவைத்தேன். கேட்டபோதும் குடி என்றேன். பழியைப் பெற்ற பிள்ளையின் தலையில் வைத்தேன்.

அவனுக்குப் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நான் எங்கேயும் போகவில்லை அப்பா என்கிறான். சாயங்காலம் நேரே வீட்டுக்கு வருகிறான். எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பாதியில் அவன் கை நின்றுவிடும். நான் எழுந்து போய் முதுகைத் தடவிக்கொடுப்பேன், மறுபடி சாப்பிடுவான்.

அவனிடம் இதையெல்லாம் சொல்ல மாட்டேன். கேட்டால் தாங்க மாட்டான். பாவம், அவனுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.