சுவரில் தொங்காத ஓவியம்

— ரைட். அப்போ நீங்க வரைஞ்சது ஒண்ணுகூட எந்தச் சுவர்லயும் தொங்கினதில்லை?

— இல்லீங்க ஐயா. நான் வரையறது சுவத்துக்கு இல்லீங்க. முகத்துக்கு.

— முகத்துக்கா! என்ன மிஸ்டர், மேக்கப்பா?

— சார், நீங்க விண்ணப்பத்தையே படிக்கலை போலிருக்கே. என் வீட்டுக்காரர் செயற்கைக் கண் செய்யறவர். விபத்துலயோ வியாதியிலயோ ஒரு கண்ணு போனவங்களுக்கு, இன்னொண்ணு மாதிரியே வரைஞ்சு பொருத்திக் குடுப்பாரு.

— படிச்சேம்மா. படிச்சதனாலதான் கேக்கறேன். இது ஓவியர்கள் சங்கம். கண்ணாஸ்பத்திரி இல்லை.

— நான் அப்பவே சொன்னேன்ல? வா, போயிடலாம். ஐயா, மன்னிச்சுக்கங்க. விண்ணப்பம் போட்டது நான் இல்லீங்க, இவதான். என் பேர்ல இவளே பூர்த்தி பண்ணி அனுப்பிட்டா.

— ஆமா, அனுப்பினேன். மூணு வருஷமா அனுப்பறேன், நீங்களும் மூணு வருஷமா திருப்பி அனுப்பறீங்க சார். இதோ பாருங்க, இன்னைக்கு மத்தியானத்தோட உங்க உறுப்பினர் பட்டியல் மூடுது. அதுக்குள்ள இவரை ஓவியர்னு எழுதிக்காம நான் இந்த இடத்தை விட்டு நகர்றதா இல்லை.

— மிஸ்டர், வீட்டுல இவங்க ராஜ்யமா?

— வந்துங்க... ஆமாங்க.

— ரைட். அவங்களை விடுங்க, நீங்க சொல்லுங்க. நீங்க ஓவியரா?

— அப்படிச் சொல்லிக்க எனக்கே கூச்சமா இருக்குங்க. ஓவியம்னா நாலு பேர் நின்னு பார்க்கணும். என் வேலையை ஒருத்தர் நின்னு பார்த்துட்டா, நான் தோத்துட்டேன்னு அர்த்தம்.

— கேட்டீங்களாம்மா? அவரே ஒத்துக்கிட்டாரு.

— ஒத்துக்கறதுக்கு இவர் என்ன திருடனா? ஏங்க, அந்த ரத்தநாளம் எப்படி வைப்பீங்கன்னு சொல்லுங்க.

— அது எதுக்கு இப்ப...

— சொல்லுங்கன்னா!

— வந்துங்க, சிவப்புப் பட்டு நூலைப் பிரிச்சுப் பிரிச்சு, கடைசியில ஒரு இழை மிஞ்சும் பாருங்க, மூச்சு விட்டா பறந்துடும். அதை வெள்ளை மேல ஒட்டுவேன். அந்த வெள்ளையும் வெறும் வெள்ளை இல்லீங்க. குழந்தைன்னா லேசா நீலம் ஓடும். வயசானவங்கன்னா மஞ்சள். கருவிழியை முப்பது தடவை ஒண்ணு மேல ஒண்ணா வரைவேன். பல்பு வெளிச்சம் பொய் சொல்லும். அதனால ஆளை ஜன்னலோரமா உக்கார வெச்சு...

— போதும் மிஸ்டர். இருக்கற கண்ணைப் பார்த்து இன்னொண்ணு. நகல்! தெருக்கோடி ஜெராக்ஸ் மெஷினும் அதைத்தான் செய்யுது.

— ஐயா.

— என்ன?

— அந்த வார்த்தை வேண்டாங்க.

— அட, கோபம் வருதா உங்களுக்கு?

— வருதுங்க. ஒரு தபால்காரர் வந்தாரு. மிச்சம் இருந்த கண்ணு அழுது அழுது சிவந்து கிடந்துச்சு. அதைப் பார்த்து அப்படியே வரைஞ்சிருந்தா ஒரு கண்ணு வாழ்நாள் பூரா அழுதுட்டே இருந்திருக்கும். இந்த மனுஷன் சிரிச்சா எப்படி இருக்கும்னு ராவும் பகலும் யோசிச்சேன். நான் பார்த்தே இராத ஒரு சிரிப்பை வரைஞ்சேன். ஆறு மாசம் கழிச்சு அவர் சிரிச்சாருங்க, ரெண்டு கண்ணும் சேர்ந்து சிரிச்சுது. நகலா அது? என் கற்பனைங்க ஐயா. நான் ஓவியன்தான்!

— அப்பாடா! ஒன்பது வருஷக் குடித்தனத்துல இன்னைக்குத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்காரு. குறிச்சுக்கங்க சார்.

— நல்லாத்தான் பேசறாரு. யாரு அந்தத் தபால்காரர்? கூட்டிட்டு வாங்க, பார்த்துடலாம்.

— முடியாதுங்க. என் வேலை யார் முகத்துல இருக்குன்னு நான் எவர்கிட்டயும் சொல்றதில்லை. பொருத்தும்போதே வாக்குக் குடுத்துடுவேன்.

— சரியாப் போச்சு! படமும் இல்லை, சாட்சியும் இல்லை. மிஸ்டர், முப்பது வருஷமா முகம் முகமா வரைஞ்சு தள்ளினவன் நான். உயிர்னா என்னன்னு காட்டறேன் வாங்க. அம்மா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க.

— நானா? எதுக்கு சார்?

— திரும்புங்களேன். ரைட். மிஸ்டர், உங்க சம்சாரத்தோட இந்த இடது கண்ணைப் பாருங்க. வெளிச்சம் பட்டதும் அடியில இருந்து தேன் நிறம் ஒண்ணு எழும்புது, தெரியுதா? மேலுக்கு என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. அதுக்கும் உள்ளே ஒரு சிரிப்பு. இதுதான் உயிர்! இந்த மாதிரி ஒரு கண்ணை எந்த மனுஷன் கையாவது செய்யும்னு காட்டுங்க, நான் என் நாற்காலியையே காலி பண்றேன்.

— ஐயா, எங்களை விட்டுடுங்க. எழுந்திரு, வா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— பார்த்தீங்களாம்மா? முடியாதுன்னு அவருக்கே தெரியுது.

— ஏங்க, உக்காருங்க.

— வேண்டாம். நான் உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— நீங்க குடுத்தீங்க, காப்பாத்திட்டீங்க. நான் யாருக்கும் குடுக்கலையே! சார், உங்க நாற்காலியை நீங்களே வெச்சுக்கங்க, அந்த உறுப்பினர் அட்டையை மட்டும் எடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பதினோரு நாள் என்னை ஜன்னலோரமா உக்கார வெச்சு, நீங்க உயிர் இருக்குன்னு சொன்ன இந்த இடது கண்ணை வரைஞ்சது இவர்தான்.