துணியின் மறுமுனை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் சர்தார் குர்மேஜ் சிங் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கும் முதியோரே! அடுப்பின் அனலை விட்டு என் சொல்லின் குளிருக்கு வந்தமர்ந்த அன்னையரே! உங்கள் அனைவரின் அடி வணங்குகிறேன்.

கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பிறந்து, வெண்டல் என்ற பெயரில் வளர்ந்து, அறுபத்திரண்டு வயதில் சீக்கியனாகி, அமோலக் சிங் ஆனவன் நான். அதன்பின் 2014 மார்ச் நான்காம் தேதி, பேருந்து நிறுத்தத்தில் ஒரு வண்டி நின்றது. "ஏ கிழவா! நாளைக்கும் இந்தத் தலைப்பாகையைக் கட்டிட்டு வந்தே, தலையோட சேத்துக் கழட்டிருவோம்" என்றது ஒரு குரல். அஞ்சினேன்! கதவு தட்டினால் அஞ்சினேன், தட்டாவிட்டாலும் அஞ்சினேன்!

ஒன்பதாம் தேதி, ஞாயிறு... யாரங்கே சனி என்பது? ஞாயிறு ஐயா, ஞாயிறு! தலையில் கைக்குட்டை, பையில் தலைப்பாகைத் துணி. திருப்பித் தந்துவிட்டுத் திரும்பாமல் போய்விட இதே குருத்வாராவுக்கு வந்தேன். காலணி அறையில் லாரி ஓட்டுநர் பல்கார் சிங் இருந்தார். துணியை உதறிப் பார்த்தார்.

"என்ன அமோலக்ஜி, இம்புட்டுச் சுருக்கம்? மடிக்கிறப்ப மறுமுனைய யாரு பிடிச்சா?"

"கதவுக் கைப்பிடி. வீட்ல நான் தனியாள்."

சமையற்கூடத்தில் ரொட்டி தேய்த்த சுரிந்தர் கவுர் அம்மையார் உள்ளிருந்தே கூவினார்: "அந்தக் கதவுக்கும் ஒரு தட்டுச் சோறு குடுத்தனுப்புங்க!"

சிரியுங்கள், அன்று நான் சிரிக்கவில்லை. "பயமா இருக்கு, பல்கார். என்னால முடியல" என்றேன். அறிவுரை சொன்னாரா? வீர வரலாறு விரித்தாரா? இல்லை! "நாளைக்கு பஸ் எப்போ?" என்றார்.

மறுநாள் விடியலில் என் வீட்டுக்கு வந்தார். கூடத்தின் குறுக்கே துணியை இழுத்துப் பிடித்தார், மடித்தோம், கட்டினேன், நிறுத்தத்தில் இருவராய் நின்றோம். அதே வண்டி வந்தது! வேகம் குறைத்தது! அவர் கையைப் பற்றினேன், அவரும் இறுக்கிப் பிடித்தார்.

"எனக்கும் பயந்தான், அமோலக்ஜி. கைய மட்டும் விட்றாதீங்க."

விடவில்லை. வண்டி போய்விட்டது.

பயம் போனதா? போகவில்லை, பெரியோரே! இன்று, 2019 ஏப்ரல் பதினான்கிலும், வண்டி ஒன்று வேகம் குறைத்தால் பக்கத்தில் ஒரு கையைத் தேடுகிறேன். ஆகவே அஞ்சாதீர்கள் என்று முழங்க மாட்டேன். அஞ்சுகிறவனை அனாதையாய் நிறுத்தாதீர்கள் என்றே முழங்குவேன்!

போன மாதம் தலைப்பாகை கட்டி நம்மோடு சேர்ந்த தம்பி எஃப்ரெயின், அதோ தூணருகே தலைகுனிந்திருக்கிறார். நேற்று அவர் வீட்டுச் சுவரில் வசை எழுதிப் போயிருக்கிறார்கள். நாளை திங்கள், ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். எப்படிக் கிளம்புவார்? யாரோடு கிளம்புவார்? ஐந்து மணிக்கு அவர் வாசலுக்கு என்னோடு யார் வருகிறீர்கள்?

ஒரு கை... அம்மா, நீங்களுமா? இரண்டு... பின்வரிசை முழுவதுமா! போதும், போதும், அவர் வீட்டுக் கூடம் சிறியது!

தம்பி, தலை நிமிருங்கள்; எண்ணிக்கொள்ளுங்கள். கை உயர்த்திய அனைவர்க்கும் நன்றி கூறி அமர்கிறேன். சத் ஸ்ரீ அகால்!