பூங்கனியக்காவின் முகம்

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே படம் வரைகிறவனுக்குத் தூசிதான் பெரிய தொந்தரவு, சார். எண்ணெய்ச் சாயம் காய்வதற்குள் லாரிக்காரன் பாதிச் சாலையைக் கொண்டுவந்து அப்பிவிடுவான். போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கிற அந்தப் படத்தை ஒரு துணி போட்டு மூடச் சொல்லுங்கள். இடது கண்ணில் ஒரு கோடு பாக்கி. அதே நினைப்பில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பூங்கனியக்கா குளச்சலில் மீன் விற்றவர். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு, குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் பிரீனா படம் கேட்டாள். அக்கா என் முன்னால் உட்கார்ந்தால் ஆதார் போட்டோவுக்கு இருப்பதுபோல விறைத்துக்கொள்வார். பேச்சுக் கொடுத்தால் சிரிப்பு. மூன்று முறை வரைந்து மூன்று முறையும் சுரண்டினேன்.

"மீனுக்குச் செதில் எடுக்கது மாதிரி எனக்க மூஞ்சியச் சுரண்டுதியே மக்கா," என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே இருக்கிற மனுஷி கைக்கு எட்டாவிட்டால் நான் வெறும் போர்டு எழுதுகிறவன்தானே.

அக்காவின் உயிரெல்லாம் மகன் ஜினோமேல். அவன் ஆழ்கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள். கரை திரும்பும்வரை போன் கிடைக்காது என்று கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும். நாலாம் முறை அக்கா வந்து உட்கார்ந்ததும், தூரிகையைத் தோய்த்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, குளச்சல்ல இருந்து போன் வந்திச்சு. ஜினோவுக்க போட்டு கடல்ல மறிஞ்சு போச்சாம்."

"மாதாவே, எனக்க பிள்ள..."

அந்த முகம் வந்துவிட்டது, சார். அவசரமாக வரைந்தேன். அக்கா நெஞ்சைப் பிடித்தார்.

"பையில மாத்திர கெடக்கு. எடுத்துத் தா மக்கா."

பை என் காலடியில்தான் இருந்தது. ஆனால் மாத்திரை உள்ளே போனால் முகம் மாறிவிடும்.

"கொஞ்சம் அசையாம இருங்கக்கா. இப்ப முடிஞ்சிரும்."

படம் முடிந்ததும், சொன்னது பொய்யென்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் வரைந்தேன். அதில் பெரும்பகுதி நேரம் அவர் உயிரோடு இல்லை என்கிறார் டாக்டர். எனக்கு அப்போதே தெரியும். வெளிச்சம் நன்றாக இருந்தது, அக்காவும் அசையவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜினோ கரை வந்தான். படகு நிறைய மீன். நேரே என் கடைக்கு வந்து படத்தைப் பார்த்தான்.

"இது எனக்க அம்ம இல்ல," என்றான்.

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சார். பெற்ற தாயை அவன் ஒரு நாள்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.